ஆனைமேல் துஞ்சியவனின் ஏரி

ஐயா,

வணக்கம். கடாரம் வரை கப்பல் விட்ட சோழப் பேரரசு அடுத்த 250 ஆண்டுகளில் எப்படி இல்லாமல் போனது? உள்ளிருந்தே யாரோ காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். கோயிலும் சிலையும் தவிர அவர்கள் நமக்கு விட்டுச்சென்றது என்ன? இதை நினைத்தால் பல இரவு தூக்கம் வருவதில்லை.

உங்கள் வாசகன்,
வேளச்சேரி

அன்புள்ள தம்பி,

வரலாற்றை நினைத்துத் தூக்கம் கெடுகிற ஒரு பிள்ளை இந்த ஊரில் இருப்பதே எனக்கு ஆறுதல். சென்ற வாரம்தான் லால்பேட்டைப் பக்கம் வீராணம் ஏரிக்கரையில் ஒரு மாலை முழுக்க நின்றுவிட்டு வந்தேன். வீடு திரும்பினால் உங்கள் கடிதம். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

காட்டிக்கொடுத்த கதையை விடுங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு துரோகியைத் தேடுவது படிக்கச் சோம்பல்படுகிறவர்களின் வேலை. கப்பலைப் பற்றியும் இப்போது பேச மனமில்லை. நடந்தது கல்லிலேயே இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்திலேயே மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். பிறகு நாட்டைத் திருப்பிக் கொடுத்து, ‘சோணாடு வழங்கியருளிய’ என்று பட்டமும் சூட்டிக்கொண்டான். 1231-இல் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தவன் காடவர் குலத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன். மீட்க வந்தது கன்னட நாட்டுப் போசளப் படை. திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. 1279-க்குப் பின் சோழ அரசன் என்று சொல்ல ஆளில்லை.

சொந்த அரசனை மீட்கச் சொந்தப் படை இல்லாமல் போனது எப்படி? நிலத்தைப் பாருங்கள். முற்காலக் கல்வெட்டுகளில் ஊராரும் சபையாரும் கூடி நின்று நிலத்தைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். பிற்காலத்தில் தனியார் பெயரில் நிலம் குவிகிறது. சம்புவராயர், காடவராயர் என்று குறுநிலத் தலைவர்கள் தலையெடுக்கிறார்கள். ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபோரு கராஷிமா கல்வெட்டு கல்வெட்டாக எண்ணிக் காட்டிய மாற்றம் இது. 13-ஆம் நூற்றாண்டு பிறக்கும்போது திருப்பாம்புரத்தில் ஒரு வெள்ளாளர் பஞ்சம் தாங்காமல் தம்மையும் இரண்டு பெண்மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொள்கிறார். பாண்டியன் படை வருவதற்கு முன்பே அங்கே ஏதோ முடிந்துவிட்டது, தம்பி.

நான் பேச வந்தது வீராணத்தைப் பற்றி. முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர் வீரநாராயணன். அந்தப் பெயரில் அவன் மகன் இராசாதித்தன் வெட்டிய ஏரி என்பது வழிவழியாக வரும் செய்தி. 949-இல் தக்கோலத்தில் இராட்டிரகூடரோடு நடந்த போரில் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். ‘ஆனைமேல் துஞ்சியவன்’ என்றே கல்வெட்டுகள் அவனைச் சொல்கின்றன. அரக்கோணம் ரயிலில் எத்தனை முறை போயிருப்பீர்கள்! தக்கோலம் அங்கிருந்து பக்கம்தான். இராட்டிரகூடன் மூன்றாம் கிருட்டிணன் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’வன் ஆனான். முதலாம் இராசராசன் முடிசூடியது 985-இல். நடுவில் 36 ஆண்டுகள். எத்தனை ஐப்பசி, எத்தனை வெள்ளம்! அப்போதெல்லாம் அந்தக் கரையில் உடைப்பை அடைத்தது யார்?

அதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள், 919-உம் 921-உம். குடவோலை என்றதும் உலகின் முதல் ஜனநாயகம் என்று மார்தட்டுவீர்கள். வேண்டாம். அது பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர்; அங்கே கூடியது காணி நிலம் உள்ளவர்களின் சபை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாக இருக்கின்றன. மண் சுமந்தவர்கள் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. ஆனால் உத்திரமேரூரில் ஏரியைக் கவனிக்க ஏரிவாரியம் என்று ஒரு குழு இருந்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனின் பெயர் மறுபடி குடத்தில் விழக்கூடாது. அவன் உறவினர் பெயரும் கூடாது. தூர் எடுக்க ஓடம் விடுவதற்கென்றே பொன் வைத்திருக்கிறார்கள். அரசன் செத்தாலும் கணக்கு நிற்கவில்லை. நான் பேரரசு என்று மதிப்பது இந்த ஒரு காரியத்தைத்தான். ஊராரே கூடி ஏரி, வாய்க்காலைச் செப்பனிடும், குடிமராமத்து என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற வழக்கமும் இதன் வழியில் வந்ததுதான். ஆங்கிலேயர் 1858-இல் கட்டாய வேலைச் சட்டம் போட்டும் அதற்கு உயிர் கொடுக்க முடியவில்லை.

உங்கள் முகவரியைப் பார்த்தேன். கோபிக்காதீர்கள், உரிமையோடு கேட்கிறேன். தண்டீசுவரர் கோயில் சுவரில் சோழர் காலத்து எழுத்து இருக்கிறதே, ஒருநாளாவது நின்று பார்த்தீர்களா? வேளச்சேரி ஏரி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரியுமா? 2015 டிசம்பரில் உங்கள் தெருக்களில் படகு விட்டார்களே, அப்போது யாரைத் துரோகி என்றீர்கள்? ஏரிக்குள் வீடு கட்டிக்கொண்டு ஏரி வெட்டியவனுக்காக அழுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. மாம்பலத்து நெடும் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரே எழுந்தது. அதனால் நானும் இதில் பங்காளிதான். 40 ஆண்டுகளாக அங்கேதான் குடியிருக்கிறேன்.

என் அம்மா காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பெண். வீராணத்துப் பாசனத்தில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்தவள். அந்த ஏரியை நம்பி சுமார் 45,000 ஏக்கர் இருக்கிறது. 2003, 2004 கோடையில் நடுராத்திரி லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையில் போட்டுவிட்டு அவளும் நானும் நடைபாதையில் உட்கார்ந்திருப்போம். பிறகு 230 கிலோமீட்டர் குழாய் போட்டு வீராணத்துத் தண்ணீர் சென்னைக்கு வந்தது. நாளைக்கு 18 கோடி லிட்டர் தரும் திட்டம். தெருவில் எல்லோருக்கும் கொண்டாட்டம். அம்மா ஒரு சொம்பில் பிடித்து, முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். “வடவாத்துத் தண்ணிடா” என்றாள். வீராணத்துக்கு நீர் கொண்டுவரும் வடவாற்றைச் சொன்னாள். அன்று அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவ யாரையும் விடவில்லை. சாயங்காலம் கேட்டாள், “இங்க இவ்வளவு வருதே, அங்க வயலுக்கு மதகு தொறந்தாங்களா?” எனக்குத் தெரியவில்லை. அவள் இருந்தவரை நான் விசாரிக்கவும் இல்லை.

சென்ற வாரம் ஏரிக்கரையில் ஒரு பெரியவரிடம் அதைக் கேட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. கையிலிருந்த கம்பைத் தண்ணீருக்குள் விட்டு, கொஞ்சம் அழுத்தி, வெளியே எடுத்துக் காட்டினார். நனைந்திருந்தது ஒரு முழம். அதன் கீழே இரண்டு முழத்துக்கு வண்டல் ஒட்டியிருந்தது.