சி.டி.ஜி. ரத்தப் பரிசோதனை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒன்றரை வயதாகியும் மகள் உட்காரவில்லை, மாறுகண்ணும் இருக்கிறது. சி.டி.ஜி. என்னும், புரதங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் சரியாகச் சேராத பரம்பரை நோயாக இருக்கலாம் என்று டாக்டர் டிரான்ஸ்ஃபெரின் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். இது இரும்புச்சத்து பார்ப்பதா?

இல்லை. டிரான்ஸ்ஃபெரின் இரும்பைச் சுமக்கும் புரதம்தான், ஆனால் இங்கே பார்ப்பது அதன்மேல் ஒட்டியிருக்கும் இரண்டு சர்க்கரைச் சங்கிலிகளை. ஒவ்வொன்றின் நுனியிலும் பொதுவாக இரண்டு சியாலிக் அமிலங்கள் (ஒருவகைச் சர்க்கரை), ஆக மொத்தம் நான்கு. இவற்றுக்கு எதிர் மின்னேற்றம் உண்டு; எண்ணிக்கை குறைந்தால் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சும்போது புரதம் போய் நிற்கும் இடம் மாறிவிடும். நல்ல ரத்தத்தில் நான்கு உள்ள பட்டைதான் தடித்துத் தெரியும். அது மெலிந்து, இரண்டு உள்ள பட்டையும் ஒன்றுமே இல்லாத பட்டையும் தடித்தால் முதல் வகை: முழுச் சங்கிலியே ஒட்டாமல் போயிருக்கிறது. மூன்று, ஒன்று உள்ள பட்டைகளும் கூடினால் இரண்டாம் வகை: சங்கிலி ஒட்டியும் அரைகுறையாக நிற்கிறது. பெல்ஜியத்தின் லூவன் நகரக் குழந்தை மருத்துவர் யாக் யாக்கன் 1980இல் இரட்டைச் சகோதரிகளிடம் இந்நோயை முதலில் விவரித்தார். இன்றைக்கும் முதலில் செய்வது இந்தப் பரிசோதனைதான். சில ஆய்வகங்கள் ஜெல்லுக்குப் பதில், மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி பயன்படுத்துகின்றன.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். ஆனால் அண்மையில் பிளாஸ்மா ஏற்றியிருந்தால் அவசியம் சொல்லுங்கள். கொடையாளியின் டிரான்ஸ்ஃபெரின் கலந்து முடிவைக் குழப்பிவிடும்.

ரிப்போர்ட்டில் 'முதல் வகை' என்று வந்துவிட்டது. நோய் உறுதிதானே?

இன்னும் இல்லை. ஃப்ரக்டோஸையோ காலக்டோஸையோ உடல் கையாள முடியாத பரம்பரைக் கோளாறுகளும், சிகிச்சை தொடங்காதவரை, இதே போன்ற பட்டைகளைக் காட்டும். இவற்றுக்கு உணவுமுறையே சிகிச்சை என்பதால் தவறவிடவே கூடாது. டிரான்ஸ்ஃபெரின் புரதமே பரம்பரையாகச் சற்று மாறியிருந்தாலும் பட்டை நகரும். பெற்றோரின் ரத்தத்தையும் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

அடுத்தது நொதிப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும். அதிகம் காணப்படுவது பி.எம்.எம்.2 மரபணுக் கோளாறு. ஆனால் குழந்தையின் அறிவு வளர்ச்சி நன்றாக இருந்து, கல்லீரல் வீக்கம், ஓயாத வயிற்றுப்போக்கு, ரத்தச் சர்க்கரை சரிவு என்று இருந்தால் எம்.பி.ஐ. என்ற மரபணுவின் கோளாறா என்பதைத் தாமதிக்காமல் பாருங்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு வாய்வழியாகக் கொடுக்கும் மானோஸ் சர்க்கரையே மருந்து. சி.டி.ஜி. வகைகள் நூற்றுக்கும் மேல். இப்படி மருந்துள்ளவை மிகச் சில. அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

எங்களுக்கு 'நார்மல்' வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

குழந்தையின் அறிகுறிகள் பொருந்தினால், அந்த ஒரு தாளை வைத்து விட்டுவிடாதீர்கள். பிறந்த முதல் சில வாரங்களில் எடுத்த ரத்தம் ஏமாற்றலாம். பிறகு மறுபடி எடுக்க வேண்டும். எஸ்.எல்.சி.35ஏ2 என்ற மரபணுவின் கோளாறில் வயது ஏற ஏறப் பட்டைகள் இயல்பாகிவிடுவதும் உண்டு. தவிர, டிரான்ஸ்ஃபெரின் காட்டுவது புரதத்தில் நைட்ரஜன் வழியாக ஒட்டும் என்-வகைச் சங்கிலிகளை மட்டுமே. ஆக்சிஜன் வழியாக ஒட்டும் ஓ-வகைக்கு அப்போ சி-3 என்ற வேறு புரதத்தைப் பார்க்க வேண்டும். புரதங்களைச் செல்லின் மேற்பரப்பில் பிடித்து வைக்கும் ஜி.பி.ஐ. நங்கூரத்தின் கோளாறுகளுக்கு, ரத்த அணுக்களை ஒவ்வொன்றாக ஒளியால் சோதிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி. சந்தேகம் வலுவாக இருந்தால் மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை எல்லாம் ஒரே நேரத்தில் படிக்கும் எக்ஸோம் பரிசோதனைக்கே போய்விடலாம்.

அடுத்த குழந்தையைக் கருவிலேயே பார்க்க முடியுமா?

டிரான்ஸ்ஃபெரினை வைத்து முடியாது. பாதிக்கப்பட்ட கருவிலும் அது இயல்பாக இருக்கலாம். மூத்த குழந்தையின் மரபணு மாற்றம் தெரிந்திருந்தால் மட்டுமே கருவில் தேட முடியும். பெரும்பாலான வகைகளில், பெற்றோர் இருவருமே கடத்திகளானால் (நோயின்றி, மாறிய மரபணுவைச் சுமப்பவர்கள்) ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. ஆகவே மூத்த குழந்தையின் மரபணு ரிப்போர்ட்டைக் கருத்தரிக்கும் முன்பே கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.