ஆட்டைத் தோளில் சுமந்தவர் இயேசுவா, ஹெர்மஸா? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் உள்ள 'நல்ல மேய்ப்பர்' ஓவியம் கிரேக்கக் கடவுள் ஹெர்மஸைப் பார்த்து வரைந்ததாமே?

பதில்: உருவம் பழையதுதான். ஆட்டுக்கடாவைத் தோளில் சுமக்கும் ஹெர்மஸை, கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முன்பே கிரேக்கர்கள் செதுக்கினார்கள். பிரிசில்லா சுரங்கக் கல்லறையில் தூரிகை பிடித்தவருக்குக் கை பழகிய உருவம் அது. ஆனால் காணாமல்போன ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர் கண்ணுக்கு அது வேறு படம். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே கல்லறை ஓவியங்களில், மீன் விழுங்கிய தீர்க்கதரிசி யோனாவையும் பாருங்கள். கொடிப் பந்தலின் கீழ் அவர் படுத்திருக்கும் விதம், கிரேக்கக் கதையில் தூங்கும் எண்டிமியோனின் அச்சு அசல்.

கேள்வி: அப்படியானால் டிசம்பர் 25-ம் சூரியக் கடவுளின் பண்டிகைதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். பேரரசர் அவ்ரேலியன் 274-இல் ரோமில் சூரியனுக்குக் கோயில் எடுத்தது உண்மை. ஆனால் டிசம்பர் 25 'வெல்லப்படாதவரின்' (சூரியக் கடவுளின் பட்டப்பெயர்) பிறந்தநாள் என்ற குறிப்பும், கிறிஸ்து பிறந்த நாள் என்ற குறிப்பும் 354-ஆம் ஆண்டின் ஒரே தொகுப்பில்தான் இருக்கின்றன. எது முந்தியது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மக்கள் மனத்தில் இரண்டும் கலந்தே இருந்தன. 5-ஆம் நூற்றாண்டில் போப் முதலாம் லியோ பிரசங்கத்திலேயே வருந்துகிறார்: புனித பேதுரு ஆலயப் படியேறி வரும் கிறிஸ்தவர்கள், உள்ளே நுழையுமுன் திரும்பிச் சூரியனைக் கும்பிடுகிறார்களாம்!

கேள்வி: ரோமானியர் வழிபட்ட மித்ரா என்ற கடவுளும் கன்னியின் வயிற்றில் பிறந்தவரா?

பதில்: இல்லை. ரோமானியச் சிற்பங்களில் அவர் பாறையிலிருந்து எழுகிறார்.

கேள்வி: ஹெர்மஸ் டிரிஸ்மெஜிஸ்டஸ் என்ற பழங்கால ஞானியின் பெயரிலுள்ள மறைஞான நூல்கள் மோசே காலத்தவை என்கிறார்களே?

பதில்: ஐரோப்பாவே ஒரு காலத்தில் அப்படி நம்பியது. 1460 வாக்கில் மாசிடோனியாவிலிருந்து அவற்றின் கையெழுத்துப் படி ஃபிளாரன்ஸ் வந்ததும், 'பிளேட்டோ அப்புறம், முதலில் இதை மொழிபெயர்' என்று தத்துவ அறிஞர் ஃபிசினோவிடம் கொடுத்தார், அந்நகரை ஆட்டிவைத்த செல்வந்தர் கோசிமோ தே மெடிசி. சியேனா பேராலயத்தின் தரையிலேயே 'மோசேயின் சமகாலத்தவர்' என்று ஹெர்மஸைப் பதித்தார்கள். 1614-இல் மொழியறிஞர் ஐசக் கசோபன் கிரேக்க நடையைச் சோதித்து, இவை கிறிஸ்துவுக்குப் பிந்தையவை என்று காட்டினார். மறைஞானக் குழுக்கள் அதன் பிறகும் கைவிடவில்லை.

என்னைக் கேட்டால், பிந்தைய காலம் என்பதே இவற்றின் அழகு; பல மரபுகள் கலந்திருந்த காலம் அது. 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த சுவடிகளில் ஒன்றைப் பிரித்தால், பேதுருவும் அப்போஸ்தலர்களும் வரும் கதை, பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் ஒரு துண்டு, ஹெர்மஸின் உபதேசம் மூன்றும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன.