ஏழாம் நம்பர் ஏன் ஓடினார்?

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் உங்கள் கல்லூரிக்குப் பின்தெருவில் குடியிருந்தவன். 1988-இல் ஒன்பதாம் வகுப்பு. சாயங்காலம் ஆனால் மதில்மேல் ஏறி உட்கார்ந்து உங்கள் பாஸ்கெட்பால் டீம் ஆடுவதைப் பார்ப்போம். போன மாதம் தேவிபட்டினத்தில் ஒரு கல்யாண வீட்டில் அந்த மதில்மேல் கூட்டத்தில் பாதிப் பேர் சேர்ந்துவிட்டோம். பந்தி முடிந்தும் எழுந்திருக்க மனசில்லை. பதினொன்றாம் நம்பர் காக்காவைப் பற்றியே (அண்ணனை நம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் காக்கா என்பார்கள்) ஒரு மணி நேரம் பேசினோம். மதுரை டீமோடு ஆடிய ஆட்டத்தில் அவர் எடுத்த 31 பாயிண்ட், கடைசியில் மூலையிலிருந்து போட்ட அந்தக் கூடை, எதுவும் மறக்கவில்லை.

அதே ஆட்டத்தில் ஏழாம் நம்பர் ஒன்றும் செய்யவில்லை. ஜெயித்ததும் யாருக்கும் கைகூடக் கொடுக்காமல் ஓடிவிட்டார். பொறாமை என்று அப்போதே பேச்சு. மே மாதம் பாம்பன் போயிருந்தபோது அவரைக் கரையில் பார்த்தேன். குவித்துக் கிடந்த வலைக்கு நடுவே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. பேசாமல் வந்துவிட்டேன். காக்கா துபாயில் நன்றாக இருக்கிறார், இவர் இப்படி வீணாய்ப் போய்விட்டாரே. பாலத்தில் ரயில் நின்றதால்தான் சென்னை செலக்‌ஷனுக்குப் போக முடியவில்லை என்கிறார்கள்.

நாங்கள் ஒரு மலர் போடப்போகிறோம். அந்த டீமின் சிறந்த ஐந்து பேரை நீங்கள் சொல்ல வேண்டும். 88 டீம் பெரிதா, 92 டீம் பெரிதா? இது நம் மண்ணின் விளையாட்டு இல்லை என்பதால்தான் ஊர் மறந்துவிட்டதா?

எம்., தொண்டி

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேஜைமேல் பழைய ஸ்கோர் ஷீட் கட்டு கிடந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அகப்பட்டது. நான் ஆடியவன் இல்லை. கோர்ட் ஓரத்தில் மேஜை போட்டு ஸ்கோர் எழுதியவன். மூன்று வருஷம், உள்ளூர் ஆட்டம் ஒன்றுகூட விட்டதில்லை. நாலு நாளாக அந்தத் தாள்களைப் புரட்டிப் புரட்டி எதை நினைத்துக்கொண்டிருந்தேனோ அதையே நீங்கள் தொட்டிருக்கிறீர்கள். தொட்ட இடம் வலிக்கிறது, தம்பி.

92 டீமை நான் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பேச்சு வேண்டாம். நம் மண், அடுத்தவன் மண் என்பதையும் விடுங்கள். 1891-இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில் ஒரு வாத்தியார் குளிர்காலத்துக்கென்று உண்டாக்கிய ஆட்டம்தான். 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் பி.டி. சார் அங்கே படித்துவிட்டு வந்தவர். அவர் விசிலுக்கு ஓடியவர்கள் கீழக்கரைப் பையன்களும் பாம்பன் பையன்களும் சாயல்குடிப் பையன்களும். இதற்குமேல் என்ன மண் வேண்டும்?

காக்கா அன்று எடுத்தது 27. தாள் என் கையில் இருக்கிறது. மிச்சம் நாலும் உங்கள் பிரியத்தில் கூடியவை, அதில் எனக்கு வருத்தமில்லை. மலரில் மட்டும் 27 என்று போடுங்கள்.

இனி அந்த ஒரு வார்த்தைக்கு வருகிறேன். வீணாய்ப் போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அவன் ஏன் ஓடினான் என்று கேளுங்கள். அந்த ஆட்டம் நடந்தது 1988 செப்டம்பரில். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி. அதுவரை 1914-இல் திறந்த ரயில் பாலம்தான். ராத்திரி வண்டியை விட்டால் அவன் ஊரான பாம்பன் தீவுக்குப் போக வழியில்லை. அன்று மதுரைக்காரர்கள் வந்த பஸ் பரமக்குடியில் பழுதாகி நின்றுவிட்டது. ஆட்டம் ஒன்றரை மணி நேரம் தாமதம். இடைவேளையின்போதே ஏழு என் மேஜைக்கு வந்து மணி கேட்டான். கடைசி விசில் ஊதியதும் ஜெர்சியைக்கூடக் கழற்றாமல் ஓடினான். அவன் பை என் மேஜைக்கு அடியில்தான் இருந்தது. எடுத்து எறிந்தேன். ஓடிக்கொண்டே பிடித்தான். விடியற்காலையில் அவன் அப்பாவோடு கடலுக்குப் போகவேண்டும். மதில்மேல் இருந்த உங்களுக்கு அது பொறாமையாகத் தெரிந்திருக்கிறது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து இன்னொரு பந்திக்கு அதைப் பரிமாறிக்கொண்டிருக்கிறீர்கள். ஒருவருக்காவது ரயில் நேரம் தோன்றவில்லையா?

அந்த ரயில் பாலத்தில் அப்போதெல்லாம் காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டியை விடமாட்டார்கள். அப்படிப்பட்ட ராத்திரிகளில் அவன் மண்டபம் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்துவிட்டு, விடிந்து பாலம் கடந்து, அதே நாள் மத்தியானம் மறுபடியும் பிராக்டீஸுக்கு வந்து நின்றிருக்கிறான். ஒரு நாள் அவன் சட்டையில் பெஞ்சுப் பலகையின் வரி வரியான அழுக்கு இருந்தது. பி.டி. சார் பார்த்துவிட்டுத் தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவனிடம் நீட்டினார். ஒன்றும் பேசவில்லை.

அடுத்தது, அவன் ஒன்றும் செய்யவில்லை என்பது. உங்களுக்கு மட்டும் அல்ல, என் தாளுக்கும் அப்படித்தான் தெரியும். ஏழுக்கு நேராக நாலு பாயிண்ட், நாலு ஃபவுல். அவ்வளவுதான். ஸ்கோர் ஷீட் எப்படி என்றால், கூடை விழுந்தால் அந்த எண்மேல் ஒரு சாய்கோடு, பக்கத்தில் போட்டவன் நம்பர். ஃபவுலுக்கு ஆளுக்கு ஐந்து கட்டம். பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவனுக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. இரண்டு பேர் கை மாறி விழுந்த கூடைக்கு ஒருவன் நம்பரைத்தான் எழுதுவேன். எழுதி முடித்து நிமிர்வதற்குள் ஏழு எதிர்ப்பக்கம் திரும்பி ஓடிக்கொண்டிருப்பான்.

அந்தக் கடைசிக் கூடையைச் சொல்கிறேன். நீங்கள் மதிலிலிருந்து பார்த்ததை நான் கோட்டோரத்திலிருந்து பார்த்தேன். கச்சான் காற்று அன்று நெட்டித் தள்ளியது. மூன்று பாயிண்ட் கோட்டை 6.25 மீட்டர் அளந்து சுண்ணாம்புப் பொடியில் போட்டிருந்தோம், இடைவேளைக்குள் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. பந்து ஏறக்குறைய அறுநூறு கிராம். உயரத்தில் நீளமாகப் பாஸ் போட்டால் அந்தக் காற்றில் ஒரு முழமாவது விலகும். மதுரைப் பையன்கள் உள்ளரங்கில் பழகியவர்கள். அவர்கள் உயரத்தில் போட்டுப் போட்டு இழந்துகொண்டிருந்தார்கள். ஏழு உயரத்தில் போடவே மாட்டான். தரையில் ஒரு தட்டுத் தட்டி, முட்டிக்குக் கீழே, காற்றுக்கு அடியில் அனுப்புவான்.

ஸ்கோர் சமம். முப்பது செகண்டுக்கும் குறைவு. அவன்மேல் இரண்டு பேர். இடது மூலையில் காக்கா நிற்பது எனக்கே தெரியவில்லை, நடுவில் நெட்டையான ஒருவன் மறைத்துக்கொண்டு நின்றான். ஏழு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வலது பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான், இரண்டு பேரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பந்து அந்த நெட்டையனின் காலுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு தடவை தரையில் பட்டு, காக்கா கையில் போய் உட்கார்ந்தது. காக்கா குனியவும் இல்லை, நிமிரவும் இல்லை. பந்துதான் கை இருந்த இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் ஞாபகத்தில் இருப்பது.

அன்று நான் 11 என்று எழுதினேன். சட்டம் அது. இப்போது அந்தத் தாளைப் பார்த்தால் அந்தச் சாய்கோட்டுக்குப் பக்கத்தில் எழுதாமல் விட்ட 7 தான் எனக்குத் தெரிகிறது.

செலக்‌ஷன் விஷயமும் நீங்கள் கேள்விப்பட்டபடி இல்லை. அவன் சென்னைக்குப் போனான். நானும் துணைக்குப் போனேன். இரண்டு நாள் ஆடினான். எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். சேரவில்லை. எழும்பூரில் ராமேஸ்வரம் வண்டி ஏறும்போது ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. ரயில்மேல் பழியைப் போட்டால் நமக்கு நிம்மதி. பரிதாபப்பட வசதியாக ஒரு கதை கிடைத்துவிடுகிறது. அவன் பரிதாபம் கேட்டு நிற்கவில்லை, எம்.

மே மாதத்தில் பார்த்தேன், வலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தார் என்று எழுதுகிறீர்கள். நீங்கள் தொண்டிக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? விசைப்படகு கரையில் நிற்கும்போது படகுக்காரன் வலையைச் செப்பனிடாமல் வேறு என்ன செய்வான்? தொழிலைச் சரியாகச் செய்கிற ஒரு மனுஷனைப் பார்த்து உங்களுக்குப் பாவம் என்று தோன்றியிருக்கிறது. காக்கா பந்தைத் தொட்டு முப்பது வருஷம் ஆகிவிட்டது. அவரை வீண் என்று நீங்கள் சொல்லவில்லை, அவருக்குத் துபாய்ப் பணம் வந்தது. ஏழுக்கு மீன் வந்தது, அதனால் வீண். கணக்கு இதுதானே? கோபமாகத்தான் கேட்கிறேன்.

காக்காவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. போன் செய்தால் ஸலாம் சொன்ன கையோடு "ஏழு எப்படி இருக்கான்?" என்றுதான் கேட்பார். துபாய் போன புதிதில் அங்கே ஒரு ஏ.சி. ஹாலில் ஆடப் போனாராம். போட்டதெல்லாம் ஒரு பக்கமாகவே விலகிப் போயிற்றாம். காற்றுக்குத் தள்ளிப் போட்டுப் பழகிய கை, காற்றே இல்லாத இடத்திலும் தள்ளித்தான் போட்டிருக்கிறது. "அந்தப் பாஸும் இல்லடா" என்றார். அப்புறம் சற்று நேரம் லைனில் சத்தமே இல்லை.

ஏழு ஆட்டத்தை விட்டுவிட்டான் என்று யார் சொன்னது? ஒவ்வொரு மே மாதமும் பெரியகுளத்தில் அகில இந்தியப் போட்டி நடக்கிறதல்லவா, தடைக்காலத்தில் இரண்டு நாள் ஒதுக்கிப் போய்விடுவான். போன வருஷம் நானும் சேர்ந்து போனேன். பாங்க் டீமும் ரயில்வே டீமும் ஆடுகிறார்கள், கூட்டம் முழுக்கப் பந்தைப் பார்க்கிறது. அவன் என் முழங்கையைத் தட்டி, "பந்தைப் பாக்காத, அந்தச் சின்னப் பயல் காலைப் பாரு, எங்க திரும்பப் போறான்னு கால் சொல்லிரும்" என்றான். அன்று ராத்திரி முழுக்க நான் கால்களைத்தான் பார்த்தேன். மூன்று வருஷம் ஸ்கோர் எழுதியும் அந்த ஆட்டத்தை அன்றுதான் பார்த்தது போலிருந்தது.

இன்னொன்று. நீங்கள் மதிலிலிருந்து பார்த்தீர்களே, கூடை விழும்போது வெள்ளையாக ஒரு குலுங்கு குலுங்கும் வலை, அது கடையில் வாங்கியது இல்லை. கடை வலை நம் உப்புக்காற்றுக்கு ஒரு சீசன் தாங்காது, ரிங்கின் துருவிலேயே அறுந்துவிடும். ஏழு நைலான் நூலில் பின்னிக்கொண்டு வருவான். ரிங்கில் பன்னிரண்டு கொக்கி, வலைக்குப் பன்னிரண்டு காது. மேலே கண்ணி பெரிது, இறங்க இறங்கச் சின்னது. பந்து ஒரு கணம் தங்கி இறங்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விழுந்ததா வெளியே போனதா என்று சண்டை வரும். முதல் வலையில் கண்ணி நெருக்கமாகி, பந்து மாட்டிக்கொண்டது. பிரித்து மறுபடி பின்னினான். காக்காவின் அந்த 27 பாயிண்டும் அவன் கைவலை வழியாகத்தான் இறங்கியது. கரையில் அவன் பின்னுவதைப் பார்த்துத் துக்கப்பட்டுத் திரும்பிய நீங்கள், சின்ன வயசில் அதே கைவேலையைப் பார்த்துத்தான் மதில்மேல் நின்று கூச்சல் போட்டிருக்கிறீர்கள்.

பேசாமல் வந்துவிட்டேன் என்றீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பத்தடி நடந்து, அண்ணே, நான் அந்த மதில்மேல் இருந்த பையன் என்று சொல்லியிருக்கலாம். அவன் உங்களை உட்காரவைத்து டீ சொல்லியிருப்பான். உங்கள் கூட்டத்தில் யார் யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் என்றுகூடச் சொல்லியிருப்பான். எதையும் பார்க்காததுபோலப் பார்க்கிறவன் அவன்.

மலர் போடுங்கள். ஐந்து பேரை என்னால் பொறுக்கித்தர முடியாது. அன்றைய வழக்கப்படி ஜெர்சி நம்பர் நாலில் தொடங்கிப் பதினைந்தில் முடியும். பன்னிரண்டு பேரையும் போடுங்கள். எட்டு எந்த ஊர், பதினாலு யார் என்று மறந்திருந்தால் என்னைக் கேளுங்கள், தாளில் இருக்கிறது.

போன வாரம் அந்தக் கோர்ட் பக்கம் போனேன். பையன்கள் ஆடுகிறார்கள். இரண்டு ரிங்கும் மொட்டை. பாம்பனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மூன்றாம் நாள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டான், இரண்டு வலை, பன்னிரண்டு பன்னிரண்டு காது. என் வீட்டில் இருக்கின்றன. உங்கள் பின்தெருவில் அப்போது பெயிண்டர் வீட்டில் நீள ஏணி ஒன்று சாத்தியிருக்கும். இன்னும் இருக்கிறதா என்று மதில்மேல் கூட்டத்தில் யாரையாவது விட்டுக் கேட்டுச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாடை கொஞ்சம் ஓய்ந்திருந்தால் காலையிலேயே வந்துவிடுகிறேன்.