மனநலக் கோளாறுகளை எப்படி வகைப்படுத்துகிறார்கள்? மனநல மருத்துவர் பதில்கள்

வகைப்பாடு, வரையறை பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே இங்கே பதில் எழுதுகிறேன். தமது அறிகுறிகளைப் பட்டியலிட்டு நோயின் பெயரைக் கேட்டிருப்பவர்களுக்கு, நேரில் பார்த்துப் பேசாமல் எந்தப் பெயரையும் சொல்ல இயலாது என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

கேள்வி (உளவியல் முதுகலை மாணவி, திருச்சி): துக்கம், பயம், கோபம் எல்லாருக்கும் வருபவை. அவை எந்த இடத்தில் கோளாறு ஆகின்றன?

பதில்: அனைவரும் ஒப்புக்கொள்ளும் ஒற்றை வரி வரையறை இன்றுவரை இல்லை. ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்., உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலான ஐ.சி.டி. ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. ஒருவரின் சிந்தனையிலோ உணர்ச்சியிலோ நடத்தையிலோ மருத்துவர் பொருட்படுத்தத்தக்க குலைவு இருக்க வேண்டும். அந்தக் குலைவு உள்ளே ஏதோ ஒரு செயல்பாடு பழுதுபட்டிருப்பதைக் காட்ட வேண்டும். பெரும்பாலும் அதனால் அவருக்குத் துன்பமோ, வேலையிலும் குடும்பத்திலும் முடக்கமோ நேர்ந்திருக்க வேண்டும். ஊரோடு ஒத்துப்போகாதது மட்டுமே கோளாறாகிவிடாது என்று டி.எஸ்.எம். வெளிப்படையாகவே கூறுகிறது. 1992ஆம் ஆண்டு ஜெரோம் வேக்ஃபீல்டு என்ற அறிஞர் இதைத் 'தீங்கு தரும் செயற்பிறழ்வு' என்று சுருக்கினார். எது தீங்கு என்பதைச் சமூகத்தின் மதிப்பீடு சொல்லும். எது பிறழ்வு என்பதை அறிவியல் சொல்ல வேண்டும். பெரும்பாலான கோளாறுகளில் எந்தச் செயல்பாடு பழுதானது என்று நம்மால் இன்னும் சுட்டிக்காட்ட முடியவில்லை. அதனால்தான் அறிகுறிகள், அவை நீடித்த காலம், வாழ்க்கையில் ஏற்பட்ட பாதிப்பு ஆகிய மூன்றையும் வைத்து எல்லை வகுக்கிறோம். தேர்வில் அறிகுறிகளை மட்டும் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இந்தியாவில் எந்தக் கையேடு செல்லும்?

பதில்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஐ.சி.டி.யைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் டி.எஸ்.எம். மிகுதியாகப் பயன்படுகிறது. இரண்டையும் படியுங்கள்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சென்னை): இணையத்தில் ஒன்பது கேள்விகள் கொண்ட சோதனையைச் செய்தேன். மதிப்பெண் அதிகம் வந்தது. எனக்கு மனச்சோர்வு நோய் உறுதிதானே?

பதில்: உறுதியில்லை. அந்தக் கேள்வித்தாள் சல்லடையே தவிர தீர்ப்பு அல்ல. டி.எஸ்.எம். விதிப்படி ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களுக்கு, நாளின் பெரும்பகுதி இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று தாழ்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருந்தாக வேண்டும். கணக்குப் போட்டால் இந்த விதியை நிறைவுசெய்யும் சேர்க்கைகள் 227 வருகின்றன. ஒரே நோயின் பெயரைச் சுமக்கும் இருவருக்கு ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம். அந்த ஒன்றும் எதிரெதிராக அமையலாம்: ஒருவர் தூங்காமல் தவிப்பார், மற்றவர் நாள் முழுதும் தூங்குவார். இதே களைப்பும் நாட்டமின்மையும் தைராய்டு குறைவிலும் இரத்தசோகையிலும் வரும். முன்பு எப்போதாவது சில நாள்கள் தூக்கமே தேவைப்படாமல் அளவுமீறிய உற்சாகத்தோடு திரிந்திருந்தால், நோயின் பெயரும் மருந்தும் வேறாகிவிடும். அந்தக் கேள்வியை உங்கள் ஒன்பது கேள்விகள் கேட்பதே இல்லை. பட்டியலை நீங்களே நிரப்பி நோயின் பெயரை முடிவு செய்யாதீர்கள். தற்கொலை எண்ணம் இருந்தால் காத்திருக்காமல் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை (டெலி மானஸ்) அழையுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் பார்த்த காணொளியில் சொன்ன கவனக்குறைவுக் கோளாற்றின் அறிகுறிகள் எல்லாமே எனக்குப் பொருந்துகின்றன.

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள். கூடுதலாக, அந்தக் கோளாற்றின் அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

கேள்வி (பொறியாளர், கோவை): ஓரினச்சேர்க்கை நோயல்ல என்று 1974இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தார்கள். வாக்குப் போட்டு நோயை நீக்க முடிந்தால் இது என்ன அறிவியல்?

பதில்: பலர் அரைகுறையாகச் சொல்லும் வரலாறு என்பதால் முழுதாகவே எழுதுகிறேன். டி.எஸ்.எம்.மிலிருந்து நீக்குவது என்று 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அறங்காவலர் குழு முடிவெடுத்தது. எதிர்த்த மருத்துவர்கள்தாம் உறுப்பினர் வாக்கெடுப்பைக் கோரினார்கள். வாக்களித்தவர்களில் 58 சதவீதத்தினர் குழுவின் முடிவை ஆதரித்தனர். அதற்கு வெகுகாலம் முன்பே, 1957இல், ஈவ்லின் ஹூக்கர் ஒருபால் ஈர்ப்புள்ள ஆண்களுக்கும் மற்ற ஆண்களுக்கும் உளவியல் சோதனைகள் நடத்தி, யாருடையது எது என்று சொல்லாமல் வல்லுநர்களிடம் முடிவுகளைக் கொடுத்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சான்று முன்பே இருந்தது. வாக்கெடுப்பு பின்னர் வந்தது. மேலும், எல்லைக் கோட்டைக் குழு கூடி வகுப்பது மனநல மருத்துவத்தில் மட்டும் நடப்பதன்று. உயர் இரத்த அழுத்தத்தின் வரம்பை அமெரிக்க இதயநலச் சங்கங்கள் 2017இல் 140/90இலிருந்து 130/80 ஆகக் குறைத்தன. அன்று காலையில் நலமாக எழுந்தவர்கள் பலர் மாலையில் நோயாளிகள் ஆனார்கள். அதைக் கொண்டு இரத்த அழுத்தமே கற்பனை என்று நீங்கள் வாதிடவில்லையே.

கேள்வி (அதே பொறியாளர்): இரத்த அழுத்தத்தைக் கருவியால் அளக்கலாம். இங்கே கருவி இல்லை. போராட்டக்காரர்கள் கூச்சலிட்டதால்தான் நீக்கினார்கள்.

பதில்: 1970இல் அந்தச் சங்கத்தின் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அவர்கள் போராடியது உண்மை, போராடியிராவிட்டால் சான்றை எடுத்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்பதும் உண்மை. எதிர்த்திசையில் நடந்ததையும் பாருங்கள். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதை ஒரு மனநோய் என்று எழுதினார். சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்தவர்களுக்கு 'மந்தகதி மனச்சிதைவு' என்ற பெயர் சூட்டி மருத்துவமனையில் அடைத்தார்கள். இத்தகைய தவறுகளுக்கு இடமளிக்காமல், நமது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல் மதிப்புகளுக்கும் மத நம்பிக்கைகளுக்கும் ஒருவர் இணங்காததை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் 2021இல் பால் ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தது.

கேள்வி (வேறொரு வாசகர்): பொறியாளர் கேட்பது நியாயம்தான், டாக்டர். இரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயர் சொல்கிறார்கள்.

பதில்: பரிசோதனை இல்லாதது வாதமாகாது, ஒற்றைத் தலைவலியையும் நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் கண்டறிகிறோம். இரண்டு பெயர்கள் என்ற குற்றச்சாட்டு வலுவானது. அறுபதுகளின் இறுதியில் நியூயார்க்கையும் இலண்டனையும் ஒப்பிட்ட ஆய்வில், நியூயார்க் மருத்துவர்கள் மனச்சிதைவு என்று கூறியவர்களில் பலர், ஒரே சீரான நேர்காணலை நடத்தியபோது மனநிலைக் கோளாறு உடையவர்களாகத் தெரிந்தனர். வேறுபட்டது மருத்துவர்களின் பழக்கமே. இதைச் சரிசெய்யத்தான் ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் 1980இல் வந்த டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பு திட்டவட்டமான விதிகளை வகுத்தது. ஆயினும் 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பின் களச் சோதனைகளில், மருத்துவர்களிடையே உள்ள உடன்பாட்டைக் காட்டும் காப்பா அளவு (முழு உடன்பாடு என்றால் 1) பேரதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாற்றுக்கு 0.67 என்றிருக்க, மனச்சோர்வுக்கு 0.28 மட்டுமே கிடைத்தது. இது வெட்கப்பட வேண்டிய எண். விதிகள் போதவில்லை என்பதை இது காட்டுகிறது. துன்பம் பொய் என்பதைக் காட்டவில்லை. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். அதற்குள் வேறு கேள்விகள் குவிந்துவிட்டன.

கேள்வி (மகள், தஞ்சாவூர்): அப்பா இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அம்மா தினமும் காலையில் அவர் படத்தின் முன் காபி வைத்துப் பேசுகிறார். இது நோயா, டாக்டர்?

பதில்: நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், இல்லை. காபி வைத்தபின் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. குளித்து, சமைத்து, பேரனைப் பள்ளிக்கு அனுப்பி, அண்டை வீட்டாரிடம் அப்பாவின் பழைய கதையைச் சொல்லிச் சிரிக்கவும் அழவும் செய்கிறார் என்றால் அது துக்கம். நாளெல்லாம் ஏக்கம் தீராமல், அவர் போய்விட்டார் என்பதையே ஏற்க இயலாமல், தன் வாழ்வுக்கே பொருளில்லை என்று ஒடுங்கிவிட்டார் என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீடித்த துக்கக் கோளாறு என்ற பெயருக்கு ஐ.சி.டி. ஆறு மாதங்களையும், 2022இல் திருத்தப்பட்ட டி.எஸ்.எம். பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதங்களையும் வரம்பாகக் கொள்கின்றன. அதாவது உங்கள் அம்மா இருக்கும் எட்டாவது மாதத்தில் ஒரு நூல் இந்தப் பெயரைச் சொல்ல இடம் தருகிறது, மற்றது தரவில்லை. அந்தந்தச் சமூகத்தின் துக்க வழக்கத்தை மீறியிருக்க வேண்டும் என்று இரண்டும் நிபந்தனை விதிக்கின்றன. நம் வீடுகளில் ஆண்டுத் திவசம் வரை இப்படி இருப்பது புதிதன்று.

கேள்வி: இணையச் சோதனையில் எனக்கு இருமுனைக் கோளாறு என்று வந்துள்ளது.

பதில்: மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: பட்டியலை நீங்களே நிரப்பாதீர்கள்.

கேள்வி: ஆஸ்பெர்கர் என்ற பெயர் எங்கே போயிற்று?

பதில்: 2013இல் டி.எஸ்.எம்.மும் பின்னர் ஐ.சி.டி.யும் அதை ஆட்டிசம் நிறமாலைக்குள் சேர்த்துவிட்டன.

கேள்வி (மதுரை): என் தம்பியின் மருத்துவமனைச் சீட்டில் எஃப் 32.1 என்று இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் மனநோய்க்குப் பணம் தர மாட்டோம் என்கிறது.

பதில்: அது ஐ.சி.டி.யின் பத்தாம் பதிப்பில் மிதமான மனச்சோர்வு நிகழ்வைக் குறிக்கும் எண். உடல்நோய்க்குச் சமமாக மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகுங்கள். மேற்கொண்டு சட்ட விவரங்களை ஒரு வழக்கறிஞரிடம் கேட்பதே முறை.