எந்தப் படி?

கேள்வி: மூன்று வருடமாகக் காதலிக்கிறோம். நான் அவர்மேல் வைத்திருக்கும் அளவுக்கு அவர் என்மேல் அன்பு வைக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு போன், அதுவும் ஐந்து நிமிடம். நான் எதிர்பார்ப்பது அதிகமா? (பெயர் வேண்டாம், கும்பகோணம்)

பதில்: 'அளவு' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். அந்தக் காலத்தில் அரிசியெல்லாம் படிக்கணக்குதான். ஆழாக்கு, உழக்கு, உரி, அப்புறம் படி. ஆனால் ஊருக்கு ஊர் படி வேறு. பட்டணம் படி என்றால் பெரியது, சின்னப்படி என்று இன்னொன்றும் புழக்கத்தில் இருந்தது. 'எந்தப் படி?' என்று கேட்காமல் விலை பேசினால் சண்டைதான் வரும், அளந்தவர் அளவில் ஒரு குறையும் இருக்காது, வாங்கியவருக்கோ பாதிதான் வந்த மாதிரி இருக்கும். 1956இல் மெட்ரிக் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் குழப்பம் மெல்ல மெல்லத் தீர்ந்தது.

உங்களுக்கு அன்பு என்றால் பேச்சு. அவர் வளர்ந்த வீட்டில் 'சாப்பிட்டாயா' என்ற ஒரு கேள்வியிலேயே எல்லாம் அடங்கியிருக்கலாம். நாள் தவறாமல் வருகிற அந்த ஐந்து நிமிடத்தை அவர் தலைதட்டிய முழுப்படி என்றே நினைத்திருக்கலாம். கேட்டுவிடுங்கள். நீங்கள் எதிர்பார்ப்பது அதிகமே இல்லை, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

சொன்ன பிறகும் அவர் அசையவில்லை என்றால் அது வேறு விஷயம். ஒருதலையான காமம் துன்பம், காவடித்தண்டு போல இரண்டு பக்கமும் இருந்தால்தான் இனிது என்கிறார் வள்ளுவர் (1196). காவடியில் ஒரு பக்கம் அரிசியும் மறுபக்கம் விறகும் இருக்கலாம், எடை ஒத்துப்போனால் போதும். ஒரு பக்கம் வெறும் உறியாகத் தொங்கினால் தோள் எவ்வளவு நாள் தாங்கும்?

இந்தக் குறளை உங்களுக்குப் பள்ளியில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இதே பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். 2016இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொன்னது அறத்துப்பால், பொருட்பாலின் 108 அதிகாரங்களை. நல்ல உத்தரவுதான், ஆனால் மீதி 25 அதிகாரம், இந்தக் குறள் இருக்கிற காமத்துப்பால், என்ன பாவம் செய்தது? 'பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்' என்று தமிழாசிரியர் ஒருவர் என்னோடு வருடக்கணக்காகச் சண்டை போடுகிறார். ஐயா, காதலிக்க யாரும் குறள் படித்துவிட்டு வருவதில்லை. காதலித்துவிட்டு இந்தப் பெண்ணைப் போலத் தவிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி 250 குறள் இருக்கிறது என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?