நுகர்வோர் கேள்வி-பதில்: குழந்தைக்குப் பாட்டி சேர் (மலம், சிறுநீர் கழிக்கப் பழக்கும் சிறு நாற்காலி) வாங்கும் முன்

கேள்வி: எங்கள் மகளுக்கு 2 வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. ஜூன் மாதம் பிளேஸ்கூலில் சேர்க்கவிருக்கிறோம். டயப்பர் இல்லாமல் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டுமே இருக்கிறது. கடையில் சாதாரண பிளாஸ்டிக் பாட்டி சேர் முதல் பாட்டுப் பாடும் கார் வடிவச் சேர் வரை பல விலைகளில் காட்டினார்கள். விலை கூடியதை வாங்கினால் குழந்தை விரைவில் பழகுமா? என் மாமியாரோ, காலில் உட்கார வைத்தாலே போதும், எதற்கு வீண்செலவு என்கிறார்.
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: விலைக்கும் பழகும் வேகத்திற்கும் தொடர்பில்லை. உடல் தயாராகிவிட்ட குழந்தைக்குப் பயமின்றி உட்கார ஓர் இடத்தைத் தருவது மட்டுமே பாட்டி சேரின் வேலை. ஆகவே கடைக்குப் போவதற்கு முன், உங்கள் மகள் தயாராக இருக்கிறாளா என்று பாருங்கள். பகலில் 2 மணி நேரமாவது ஜட்டி நனையாமல் இருக்கிறதா, மூச்சா, ஆய் என்று வருவதற்கு முன்போ வந்தவுடனோ சொல்கிறாளா, ஜட்டியைத் தானே இறக்க முயல்கிறாளா என்பவைதான் அடையாளங்கள். பெரும்பாலான குழந்தைகளிடம் இவை 18 மாதத்திற்கும் 3 வயதுக்கும் இடையே, ஆளுக்கொரு நேரத்தில் தோன்றுகின்றன.

பள்ளி குறித்த தேதிக்காகக் குழந்தையை அவசரப்படுத்துவதுதான் எனக்குக் கவலை தருகிறது. வற்புறுத்தி உட்கார வைக்கப்படும் குழந்தை மலத்தை அடக்கப் பழகிக்கொள்கிறது. அடக்கிய மலம் இறுகி, அடுத்த முறை போகும்போது வலிக்கிறது. அந்த வலிக்குப் பயந்து மீண்டும் அடக்குகிறது. இந்த மலச்சிக்கலைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகக்கூடும். ஜூனுக்குள் பழகவில்லை என்றால், இன்னும் சில வாரம் பொறுத்துக்கொள்ளும்படி பள்ளியிடம் பேசுங்கள், குழந்தையைத் திட்டாதீர்கள்.

உங்கள் மாமியார் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். காலை நீட்டி அமர்ந்து, இரு பாதங்களின் மேல் குழந்தையை உட்கார வைக்கும் வழக்கம், குந்திய நிலையில் மலம் எளிதாக வெளியேறும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்களின் வழக்கம். 2 வயதுக் குழந்தையை நெடுநேரம் காலில் தாங்க முடியாது என்பதும், அவள் தானாகப் போய் உட்காரக் கற்க வேண்டும் என்பதுமே பாட்டி சேர் வாங்குவதற்கான காரணங்கள். பெரியவர்களுக்கான இந்தியன் டாய்லெட்டில் இரு பக்கமும் கால் வைக்க இந்த வயதில் கால் எட்டாது. விழுந்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கும்.

நல்ல பாட்டி சேரும் அந்தக் குந்திய நிலையை ஒட்டியே அமைந்திருக்கும். முடிந்தால் குழந்தையைக் கடைக்கு அழைத்துச் சென்று, உடையோடு உட்கார வைத்துப் பாருங்கள். பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கால் தொங்கினால் முக்குவதற்குப் பிடிமானம் இருக்காது, எனவே எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வாங்க வேண்டாம். பக்கவாட்டில் சாய்ந்து எழுந்தாலும் கவிழாத அளவுக்கு அடிப்பாகம் அகலமாக இருக்கிறதா, வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இருக்கையின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தால் பிசிறு தெரிந்துவிடும். உள்கிண்ணம் மேலே தூக்கி எடுக்கும்படியும், வெளிர் நிறத்திலும் இருப்பது நல்லது; மலத்தில் இரத்தமோ புழுவோ இருந்தால் உடனே கண்ணில் படும். மெத்தை தைத்த இருக்கை வேண்டாம். அது கிழிந்தால் சிறுநீர் உள்ளே இறங்கி, எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகாது.

பாட்டுப் பாடும் சேரில் குழந்தை பாட்டுக்காக உட்காருகிறதே தவிர, தன் வயிறு சொல்வதைக் கவனிப்பதில்லை. அதைவிட முக்கியமானது பேட்டரி. பொத்தான் வடிவ பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், 2 மணி நேரத்திற்குள்ளேயே கடுமையான புண் ஏற்படலாம். அந்த வகையை வாங்கியே தீர வேண்டும் என்றால், பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கி வந்தபின், சாப்பிட்டு முடித்த சிறிது நேரத்தில் உட்கார வையுங்கள், ஏனெனில் உணவு வயிற்றில் விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும். 5 நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுப்பிவிடுங்கள். ஒன்றை மட்டும் எல்லாத் தாய்மாரிடமும் சொல்ல விரும்புகிறேன்: குழந்தையின் மலத்தால் கெடுதலில்லை என்று நினைத்து வாசல் சாக்கடையில் கொட்டுவது தவறு. அதிலும் நோய்க்கிருமிகள் உண்டு. கழிப்பறையில் கொட்டி, கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழந்தையின் கையையும் உங்கள் கையையும் சோப்பால் கழுவுங்கள்.

கேள்வி: இணையத்தில் 1,450 ரூபாய்க்கு வாங்கிய பாட்டி சேரின் இருக்கையில், பெட்டியைத் திறந்தபோதே விரிசல் இருந்தது. மகன் ஒருமுறை உட்கார்ந்ததும் அது தொடையைக் கிள்ளிவிட்டது. ‘சுகாதாரப் பொருள் என்பதால் திரும்பப் பெற இயலாது’ என்று விற்பனையாளர் பதில் அனுப்புகிறார். இது சரியா?
(ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: சரியல்ல. நிறம் பிடிக்கவில்லை என்று நீங்கள் திருப்பிக் கொடுத்திருந்தால் அவர் மறுப்பதற்கு நியாயம் இருந்திருக்கும். குறையுள்ள பொருளின் நிலை வேறு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, இணையச் சந்தையில் விற்பவர், குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது. ‘சுகாதாரப் பொருள்’ என்று அவரே எழுதிக்கொண்ட நிபந்தனை இந்த விதியை மீற முடியாது.

விரிசலையும், பெட்டியின் மேல் ஒட்டியுள்ள தயாரிப்பாளர் பெயர், விலை, தயாரித்த மாதம் ஆகியவற்றையும் படம் எடுத்து, பில்லுடன் சேர்த்து, அந்த இணையதளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்திற்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இதெல்லாம் முடியும் வரை சேரைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. ஆனால் குழந்தையை மீண்டும் அதில் உட்கார வைக்க வேண்டாம்.

கேள்வி: கழிப்பறைப் பயிற்சிக்கு என்றே விற்கும் புல்-அப் டயப்பர் (ஜட்டிபோல மேலே இழுத்துப் போடும் டயப்பர்) தேவையா?
(ஒரு வாசகி, சேலம்)

பதில்: பகலில் தேவையில்லை. டயப்பர் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், நனைந்தது குழந்தைக்குத் தெரிவதே இல்லை, தெரிந்தால்தானே சொல்லும்? எளிதில் கழற்றக்கூடிய பருத்தி ஜட்டிகள் ஒரு டஜன் வாங்கினால் போதும். இரவிலும் பயணத்திலும் மட்டும் டயப்பர் போடுங்கள். இரவில் நனைக்காமல் தூங்குவது பகல் பழக்கத்திற்கு வெகுநாள் கழித்தே வரும். 5 வயது வரை படுக்கையை நனைத்தால் அது நோயல்ல, மெத்தைக்கு மேல் ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போடுங்கள்.