‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ – ஒரு கடிதம்

வணக்கம்.

மனைவியின் நாட்டுக்குக் குடிபெயர்ந்த ஆண்கள் தமிழில் எழுதி நான் படித்ததில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன். நான் கட்டுமானப் பொறியாளன், வயது 38. என் மனைவி வேறு நாட்டவள். எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது நாடு ஒன்றில் வேலை பார்த்தபோது பழகி, அங்கேயே மணம் செய்துகொண்டோம். ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது அவள் அம்மாவுக்கு மறதி நோய் தொடங்கியிருக்கிறது. இவள் ஒரே மகள். அவள் நாட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த முடிவில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் பயம் இருக்கிறது. என் பட்டம் அங்கே செல்லுமா என்று தெரியவில்லை. மொழி தெரியாது. விசா விண்ணப்பத்தில் என்னைப் பற்றிக் கேட்டிருப்பதைவிட அவள் சம்பளத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். நான் எதையாவது கேட்டால், “கவலைப்படாதே, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறாள். ஆறுதலாகத்தான் சொல்கிறாள். அதைக் கேட்டால்தான் எனக்குப் பயம் கூடுகிறது. நண்பர்கள் “பெண்டாட்டி பின்னாலயே போறியா” என்று சிரிக்கிறார்கள். இது ஆண் என்ற கர்வம்தானா? கிளம்புவதற்கு முன் நான் எதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்?

பெயரையும் நாட்டையும் வெளியிட வேண்டாம்.

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

கர்வம் கொஞ்சம் இருக்கலாம், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மீதிப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

முதலில் உங்கள் நண்பர்களின் சிரிப்பு. துணையின் பின்னால் போவது பெண்ணின் வேலை என்று நினைத்தவை குடும்பங்கள் மட்டுமல்ல, அரசுகளும் அப்படித்தான் சட்டம் எழுதின. அமெரிக்காவில் 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, அயல்நாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்து கணவனின் குடியுரிமைக்கு மாறினாள். கலிபோர்னியாவில் பிறந்து அங்கேயே வாழ்ந்த எத்தல் மெக்கன்சி ஒரு பிரிட்டிஷ் குடிமகனை மணந்தார். 1913இல் வாக்காளராகப் பதிந்துகொள்ளப் போனபோது, நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது, 1915இல் தோற்றார். வீட்டைவிட்டு நகராமலே அயல்நாட்டவரானவர் அவர். அந்தச் சட்டம் 1922இல்தான் தளரத் தொடங்கியது. திருமணத்தால் பெண்ணின் குடியுரிமை தானாக மாறக்கூடாது என்று ஐ.நா. உடன்படிக்கை வந்தது 1957இல்.

இதன் மறுபக்கம் உங்களைப் போன்ற கணவர்கள். பெண் கணவனைப் பின்தொடர்வதே இயல்பு என்று எழுதப்பட்ட சட்டத்தில், மனைவியைப் பின்தொடரும் கணவனுக்கு இடமே இருக்காது. பிரிட்டனில் முறையாகக் குடியிருந்த அப்துல்அஜீஸ், கபாலெஸ், பல்கந்தலி என்ற மூன்று பெண்கள், தங்கள் கணவர்களை அங்கே சேர்ந்து வாழ அனுமதிக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆண்கள் தங்கள் மனைவியரை எளிதாக வரவழைக்கலாம், பெண்கள் கணவர்களை வரவழைப்பது கடினம் என்றிருந்த விதி பாலினப் பாகுபாடு என்று 1985இல் தீர்ப்பு வந்தது. பிரிட்டிஷ் அரசு அதை நிறைவேற்றிய விதம் வேடிக்கை. கணவர்களுக்கு விதியைத் தளர்த்தவில்லை, மனைவியருக்கும் இறுக்கிவிட்டது. சமத்துவம் வந்துவிட்டதாம். ஆக, நீங்கள் கையில் வைத்திருக்கும் விண்ணப்பப் படிவம் உங்களுக்கு எளிதாகக் கிடைத்ததில்லை. சிரிக்கும் நண்பர்களிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

இனி படிவம். அதில் உங்கள் மனைவியின் சம்பளம் பெரிதாக இருப்பது தற்செயலாக அமைந்ததில்லை. எந்த நாடு என்று நீங்கள் வெளியிட விரும்பவில்லை, ஆகவே சில நாடுகளை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். பிரிட்டனில் துணையை அழைப்பவர் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விதித்தார்கள், அதற்கு முன் 18,600. வெளிநாட்டில் இருந்துகொண்டு விண்ணப்பிப்பவர் அங்கே எவ்வளவு சம்பாதித்தாலும் அந்தச் சம்பளம் கணக்கில் சேராது. அமெரிக்காவில் அழைப்பவர், உங்களைப் பொருளாதார ரீதியாகத் தாங்குவது தன் பொறுப்பு என்று ஓர் உத்தரவாதப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார். மணவிலக்கு ஆனாலும் அந்தப் பொறுப்பு முடிவதில்லை. திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாதவர்களுக்கு அங்கே இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் கிரீன் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவன் மனைவி இருவருமாகச் சேர்ந்து நிபந்தனையை நீக்கக் கேட்க வேண்டும். திருமணம் முறிந்தாலோ, கொடுமை நடந்தாலோ தனியாகக் கேட்கவும் வழி உண்டு, ஆனால் அதற்கு நீங்கள் நிரூபிக்க வேண்டியது அதிகம். ஜெர்மனியில் பொதுவாக மூன்று ஆண்டு அங்கே சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் துணையைச் சாராமல் தங்கும் உரிமை வருகிறது.

நாடு எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான். இதுவரை சரிசமமாக இருந்த இருவரில் ஒருவரை உத்தரவாதி என்றும் மற்றவரைச் சார்ந்திருப்பவர் என்றும் அரசு எழுதிவிடுகிறது. உங்கள் மனைவி அதைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனால் சண்டை வரும் ஒரு நாளில் அந்தக் காகிதம் இருவர் நினைவுக்கும் வரும். யாரும் வாய்திறந்து சொல்லாவிட்டாலும் வரும். “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற வாக்கியம் உங்களைப் பயமுறுத்துவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அவர் அன்பாகச் சொல்வது, அரசு அதிகாரமாகச் சொல்வதோடு அப்படியே பொருந்திவிடுகிறது.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது, அவர் வழியாக வராத சில விஷயங்களை அந்த நாட்டில் உங்களுக்கென்று உண்டாக்கிக்கொள்வது. உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, உங்கள் பெயரில் தொலைபேசி எண், குடியேற்ற அலுவலகக் கடிதங்கள் உங்கள் மின்னஞ்சலுக்கே வருவது. காலாவதித் தேதிகள் உங்கள் நாட்காட்டியில் இருக்கட்டும். படிவத்தை அவர் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடுவார், நீங்கள் இரண்டு மணி நேரம் தடுமாறுவீர்கள். தடுமாறுங்கள். முதல் ஆண்டில் அவர் நிரப்பித் தந்த படிவங்களுக்காகத்தான் ஐந்தாம் ஆண்டில் அவரே சலித்துக்கொள்வார்: “இதுகூட உனக்குத் தெரியாதா?”

மொழியையும் அவரிடம் கற்காதீர்கள். வகுப்பில் சேருங்கள். அவரிடம் கற்றால் உங்கள் ஒவ்வொரு பிழையும் வீட்டுக்குள் நடக்கும், வகுப்பில் என்றால் உங்களைப் போலவே உளறும் இருபது பேர் இருப்பார்கள். நண்பர்கள் கிடைப்பதும் அங்கேதான். எனக்குத் தெரிந்த ஒருவர் மனைவியின் நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறார். ஊரில் பழக்கமானவர்கள் அத்தனை பேரும் மனைவியின் நண்பர்கள், அவர்களுடைய கணவர்கள். மனைவியோடு மனத்தாங்கல் என்றால் அதைச் சொல்ல அந்த நாட்டில் அவருக்கு ஆள் கிடையாது. எனக்குத்தான் போன் செய்வார், அவருக்கு நள்ளிரவில்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நீங்கள் மணந்த பெண்ணை மூன்றாவது நாட்டில்தான் பார்த்திருக்கிறீர்கள். அங்கே அவரும் அந்நியர், நீங்களும் அந்நியர். வீட்டு உரிமையாளரைத் திட்டுவதும் ஊரைக் கேலி செய்வதும் இருவருக்கும் பொது. தன் நாட்டில் அவர் வேறு ஆள். வேகமாகப் பேசுவார், உங்களுக்குப் புரியாத நகைச்சுவைக்கு விழுந்து விழுந்து சிரிப்பார், பள்ளித் தோழியிடம் நீங்கள் கேட்டிராத குரலில் கத்துவார். சாப்பாட்டு மேசையில் முதலில் உங்களுக்காக ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்ப்பார், பிறகு நான்கு வரிக்கு ஒன்று, பிறகு “ஒன்றுமில்லை, பழைய கதை” என்பார். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மொழிபெயர்ப்பது உண்மையிலேயே களைப்பான வேலை. அவர் நாட்டில் நீங்கள் அந்த ஊரின் அலுவலகத்தையோ வானிலையையோ குறைசொன்னால் அவர் கூடச் சேர்ந்து சிரிக்க மாட்டார். தன்னைச் சொன்னதாகவே கேட்பார். உங்களுக்கு ஒருநாள் மோசமாகப் போனால், தான் கூட்டிவந்ததால்தானே என்று உள்ளுக்குள் குற்றவுணர்வு கொள்வார். குற்றவுணர்வு உள்ளவர்கள் பெரும்பாலும் கனிவாக இருப்பதில்லை, எரிச்சலாக இருப்பார்கள்.

குறை சொல்லாமல் இருங்கள் என்று நான் சொல்லவில்லை, அது நடக்காது. குறைசொல்லும் நேரத்தில் “இது உன்னைச் சொல்லவில்லை” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கடந்துபோன ஒரு வரியில்தான் என் பார்வை நின்றது: மாமியாரின் மறதி நோய். உங்கள் மனைவி போனதும் வேலைக்குப் போவார், போயாக வேண்டும், விசாவே அவர் சம்பளத்தில்தான் நிற்கிறது. உங்கள் பட்டத்துக்கு அங்கீகாரம் கிடைக்கும் வரை நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். கட்டுமானப் பொறியியல் பல நாடுகளில் உரிமம் பெற்றுச் செய்யும் தொழில். கனடாவில் அந்த உரிமத்தை மாகாணவாரியாகத் தருகிறார்கள், ஜெர்மனியில் பொறியாளர் என்று போட்டுக்கொள்ளவே மாநிலச் சட்டத்தின் அனுமதி வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம். அப்படியானால் பகல் முழுவதும் அந்த அம்மாவோடு இருக்கப்போவது யார்? யாரும் கேட்காமலே, யாரும் முடிவெடுக்காமலே, அந்த வேலை உங்கள் மேல் வந்து உட்காரும். அவர் மொழி உங்களுக்குத் தெரியாது. மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழிகள் முதலில் நழுவி, தாய்மொழி மிஞ்சுவது பலரிடம் நடக்கிறது. அவருக்கு இப்போது கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்தாலும் அதை நம்பி இருக்க முடியாது. நீங்கள் யார் என்று ஒவ்வொரு காலையும் அவர் கேட்கும் நாள் வரலாம். வீட்டுக்குள் ஓர் அந்நிய ஆண் நிற்கிறான் என்று பயந்து கத்தவும் கூடும்.

இதை நீங்கள் செய்யக்கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மனமுவந்து செய்தால் அந்தக் குடும்பத்தில் உங்கள் இடம் எந்த விசாவாலும் வராத அளவுக்கு உறுதியாகும். ஆனால் அது இருவரும் பேசி முடிவு செய்ததாக இருக்க வேண்டும், வேலை இல்லாதவன் தலையில் தானாக விழுந்ததாக இருக்கக்கூடாது. வாரத்தில் எத்தனை நாள், உதவிக்கு ஆள் வைக்க முடியுமா, உங்கள் மொழி வகுப்பு நேரத்தில் யார் இருப்பார்கள், உங்களுக்கு வேலை கிடைத்த மறுநாள் என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள். அப்போது அவர் “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றால், எப்படி என்று கேளுங்கள்.

விரும்பத்தகாத பேச்சு ஒன்றும் பாக்கி. குழந்தை பிறந்து, பிறகு நீங்கள் பிரிய நேர்ந்தால், குழந்தையைக் கூட்டிக்கொண்டு உங்கள் நாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. 16 வயதுக்கு உட்பட்ட குழந்தையை, வழக்கமாக வாழும் நாட்டிலிருந்து மற்றவர் சம்மதமில்லாமல் கொண்டுபோனால் திருப்பி அனுப்பச் சொல்வதே அதன் அடிப்படை. சொத்திலும் இப்படி எதிர்பாராதவை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பல நாடுகளில், 2019 ஜனவரி 29க்குப் பிறகு மணந்தவர்கள் தனியே ஒப்பந்தம் எதுவும் செய்யாவிட்டால், திருமணத்துக்குப் பின் முதலில் சேர்ந்து வாழ்ந்த நாட்டின் சட்டமே அவர்கள் சொத்துக்குப் பொருந்தும் என்பது பொது விதி. உங்களுக்கு அது இருவருடைய நாடுமாக இல்லாமல், நீங்கள் விட்டுப்போகும் அந்த மூன்றாவது நாடாக இருக்கலாம். குடும்பச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் இருவரும் சேர்ந்தே போய்ப் பேசுங்கள். தனியாகப் போனால்தான் அது சந்தேகம்.

உடனே செய்ய வேண்டியவை காகித வேலைகள்தான். பட்டம், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம், பணி அனுபவச் சான்றுகள், திருமணச் சான்று, பிறப்புச் சான்று எல்லாவற்றுக்கும் மூலப் பிரதி கையில் இருக்கட்டும். அந்த நாடு கேட்டால் அபோஸ்டில் முத்திரையும், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்றும், வாங்கிவிடுங்கள். ஆவணத்தை வழங்கிய நாடுதான் அந்த முத்திரையைத் தர முடியும், போன பிறகு தூரத்திலிருந்து வாங்குவது பெரும்பாடு. எல்லாக் காகிதத்திலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் முன்னெழுத்தும் மற்றொன்றில் முழுப்பெயரும் இருந்தால் அதைத்தான் முதலில் திருத்த வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் நகரும்.